மாவு பொங்குவதைப் படம் பிடித்த கதை

அரைத்து வைத்த இட்லி மாவு ராத்திரி முழுக்க என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடி ஜாடி, ஒரு பழைய ஃபோன், இரண்டு மூன்று சென்சார், கொஞ்சம் கருப்புச் சார்ட் பேப்பர் போதும். செலவு பெரிதாக வராது. பொறுமைதான் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு அடுப்படி மேடையில் இதைச் செய்து பார்த்தேன். அப்பளத்துக்குப் பேர் போன ஊர் என்பதால் உளுந்தைப் பற்றிப் பேச ஆள் தேட வேண்டியதில்லை. நான் கேட்காமலே ஆலோசனை சொன்னவர்கள் ஏராளம்.

யோசனை அத்தானுடையது. அத்தை மகன், அமெரிக்காவில் இருக்கிறார், வீட்டிலேயே பீர் போடுவார். அங்கே 1978இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்துக்குப் பிறகு சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிப்பது சர்வ சாதாரணம். இருபது லிட்டர் பிடிக்கிற கண்ணாடிக் குடுவை, அதன் வாயில் தண்ணீர் ஊற்றிய சின்ன ஏர்லாக் (உள்ளே இருக்கும் வாயு வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது), எதிரே ஒரு கேமரா. அவர் அனுப்புகிற வீடியோவில் மால்ட் சாறு முதலில் தேமே என்று கிடக்கும். அப்புறம் மேலே பழுப்பு நுரை திரண்டு வரும். உள்ளே துகள்கள் அடியிலிருந்து மேலே ஏறி, பக்கவாட்டில் இறங்கி, ஓயாமல் சுழலும். சில நாள் கழித்து நுரை அடங்கி, ஈஸ்ட் வண்டலாக அடியில் படிந்துவிடும். ஒரு வாரச் சங்கதியை ஒரு நிமிஷத்தில் பார்த்துவிடலாம்.

இங்கே அதைச் செய்ய முடியாது. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் பீர் காய்ச்சினால் போலீஸ்தான் வந்து படம் பிடிக்கும். ஆனால் நுரைத்துப் பொங்குகிற பொருளுக்கு நம் வீட்டில் பஞ்சமா என்ன?

அத்தானுடைய ஏற்பாட்டில் என்னை மிகவும் ஈர்த்தது கேமரா இல்லை, குடுவைக்குள் கிடக்கும் மிதவை. ஐஸ்பிண்டில் என்று பெயர். யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்துகொள்ளலாம், வரைபடம், நிரல் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் ஈ.எஸ்.பி.8266 சில்லு, சாய்மானம் அளக்கும் சென்சார், வெப்பமானி, ஒரு 18650 பேட்டரி, அவ்வளவுதான். சர்க்கரை கலந்த நீர் அடர்த்தியானது, அதில் மிதவை நன்றாகப் படுத்து மிதக்கும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன நீர் இளகும், மிதவை மெல்ல நிமிரும். அந்தக் கோணத்தை வைத்து அடர்த்தியைக் கணக்கிட்டு வைஃபையில் அனுப்பிக்கொண்டே இருக்கும். வெறும் தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், 1.050இல் தொடங்கியது 1.010இல் வந்து நின்றால் ஆல்கஹால் ஏறக்குறைய ஐந்து சதவீதம் என்று மூடியைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

இதை மாவில் போட்டால் நட்ட கம்பு மாதிரி அப்படியே நிற்கும், ஒரு கோணமும் மாறாது. மாவு அவ்வளவு கெட்டி. அதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. பீரில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு ஏர்லாக் வழியே குமிழ் குமிழாக வெளியே போய்விடுகிறது. ஆகவே அங்கே அளக்க வேண்டியது மிஞ்சி நிற்கும் நீரை. மாவில் அந்த வாயு உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. உளுந்தின் புரதமும் அதன் வழவழப்பும் சேர்ந்து குமிழைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அப்படியானால் இங்கே அளக்க வேண்டியது உயரத்தை. இது பிடிபட்ட பிறகு மற்றதெல்லாம் எளிதாகிவிட்டது.

இன்னொரு வித்தியாசம், பீருக்கு ஈஸ்டை வாங்கிப் போட வேண்டும். மாவுக்கு யாரும் எதையும் போடுவதில்லை. நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உளுந்தோடு வருகின்றன. அவற்றில் முக்கியமானது லியூகனோஸ்டாக் மெசென்டிராய்டஸ் என்ற பாக்டீரியா. லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் ஒன்றாக உண்டாக்கும். மாவைத் தூக்கி விடுவது முக்கியமாக இதுதான் என்பது 1960களிலேயே ஆய்வில் தெரிந்த விஷயம். கூடவே வேறு லாக்டிக் பாக்டீரியாக்களும் இருக்கும். அவற்றில் பல புளிப்பு மட்டும் கொடுக்கும், வாயு கொடுக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜாடியிலிருந்து தொடங்குவோம். அதன் சுவர் நேராக இருக்க வேண்டும். வயிறு பெருத்த ஊறுகாய் ஜாடியில் மாவு ஒரு சென்டிமீட்டர் ஏறினால் அது எவ்வளவு கன அளவு என்று கணக்குப் போட்டே மண்டை காய்ந்துவிடும். நேர்ச் சுவர் என்றால் உயரம் இரண்டு மடங்கானால் கன அளவும் இரண்டு மடங்கு, வேலை முடிந்தது. திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடைகளில் ஏறி இறங்கி, மூன்று லிட்டர் பிடிக்கிற இரண்டு ஜாடி வாங்கினேன். இரண்டும் ஒரே அச்சு. ஏன் இரண்டு என்பதற்குப் பிறகு வருகிறேன். வெளிப்பக்கம் மில்லிமீட்டர் கோடு போட்ட காகிதப் பட்டையைச் செங்குத்தாக ஒட்டினேன். மாவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, மீதி இடம் பொங்குவதற்கு.

மாவு வழக்கமானதுதான். இட்லிப் புழுங்கல் நாலுக்கு உளுந்து ஒன்று, ஒரு சிட்டிகை வெந்தயம். அரிசி ஏ.எஸ்.டி. 16. பக்கத்தில் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986இல் வெளிவந்த குண்டு ரகம், இந்தப் பக்கத்து இட்லிக்கு அதை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பது என் கட்சி. உளுந்தைத் தொலியோடு உடைத்ததாக வாங்கி, ஊறவைத்துக் கழுவித் தொலியை நீக்கி அரைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். வெள்ளை உளுந்து வேலையைக் குறைக்கும், மறுக்கவில்லை.

வெப்பநிலைக்கு டி.எஸ்.18பி20 என்ற சென்சார். எஃகு உறை போட்ட, தண்ணீர் புகாத வகை. ஒன்று மாவின் நடுவில், இன்னொன்று அறையில். இரண்டும் ஒரே கம்பியில், அளவுகளைப் படித்து வைஃபையில் அனுப்பும் ஈ.எஸ்.பி.32 என்ற சின்னக் கணினிப் பலகைக்குப் போகலாம், சிக்னல் கம்பிக்கும் மின்சாரக் கம்பிக்கும் நடுவே ஒரு 4.7 கிலோ ஓம் மின்தடை மட்டும் போட்டால் போதும். சந்தையில் இதற்குப் போலிகள் நிறைய. வாங்கியதும் ஐஸை நொறுக்கி, கொஞ்சமே தண்ணீர் விட்டு, சென்சாரை அதற்குள் அமிழ்த்திப் பாருங்கள். சுழி டிகிரிக்கு அரை டிகிரி முன்னே பின்னே காட்ட வேண்டும், அதுதான் தயாரிப்பாளர் சொல்லும் துல்லியம். எனக்கு வந்ததில் ஒன்று ஒரு டிகிரிக்கு மேல் கூடுதலாகக் காட்டியது. அதை அறைக் காற்றுக்கு ஒதுக்கி, நிரலிலேயே அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டேன்.

உயரத்துக்கு முதலில் லேசர் சென்சார்தான் திட்டம். வி.எல்.53எல்.0எக்ஸ் என்று விரல் நகம் அளவு ஒரு சில்லு, கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பி அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும். மூடியின் அடியில் ஒட்டி, கீழே மாவைப் பார்க்க வைத்தால் போதும் என்று கணக்கு. வெறும் ஜாடியில் அருமையாக வேலை செய்தது. மாவை ஊற்றி மூடினால், கொஞ்ச நேரத்தில் மூடியின் உட்புறம் முழுக்க முத்து முத்தாக வியர்வை. சென்சாரின் கண்ணிலும் ஒரு துளி. அதற்குப் பிறகு அது சொன்ன தூரம் எல்லாம் அந்தத் துளி இருக்கிற தூரம்தான். மாவு மூடியை முட்டிவிட்டதாக நடுராத்திரி ஃபோனுக்குத் தகவல் வந்தது. எழுந்து போய்ப் பார்த்தால் அது பாட்டுக்குப் பாதி ஜாடியில் தூங்கிக்கொண்டிருக்கிறது. கண்ணாடித் துண்டு வைத்து மறைத்தால் கண்ணாடி வியர்க்கிறது. ரொட்டி மாவுக்கு இதைப் பயன்படுத்துகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்களோ, எனக்கு இது சரிப்படவில்லை என்று கழற்றி வைத்துவிட்டேன். எப்படியும் கேமரா ஒன்று வெளியே நின்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது, உயரத்தையும் அதுவே சொல்லட்டும்.

கேமரா என்று சொன்னது மேசை டிராயரில் கிடந்த ஆண்ட்ராய்டு ஃபோன். ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலியில் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு படம் எடுக்கச் சொல்லலாம். நிமிஷத்துக்கு ஒன்று வைத்தேன். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 720 படம். நொடிக்கு 24 படமாக ஓட்டினால் 30 நொடி வீடியோ. அதற்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள், நானே பார்க்க மாட்டேன். படத்தின் அளவை இரண்டு மெகாபிக்சலுக்குக் குறைத்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் ஃபோன் நிறைந்து பாதி ராத்திரியில் நின்றுவிடும். ஃபோக்கஸ், வெளிச்ச அளவு, வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டிவிட வேண்டும். தானாகச் சரி செய்துகொள்ள விட்டால் மாவு ஏற ஏற, படத்தில் வெள்ளை கூடக் கூட, கேமரா பயந்து இருட்டாக்கும். வீடியோ மின்னி மின்னி ஓடும்.

உண்மையான பாடு வெளிச்சத்தில்தான். அடுப்படி டியூப்லைட்டை நம்ப முடியாது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, அதில் எரியும் மலிவான எல்.இ.டி. பல்புகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் வேகம் அதற்கு ஒத்துவராவிட்டால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/50 அல்லது 1/100 வைத்தால் கோடு மறையும். அதைவிடச் சுலபம், யு.எஸ்.பி.யில் எரியும் எல்.இ.டி. பட்டை. நேர் மின்னோட்டம், துடிப்பே இல்லை. அதைப் பவர் பேங்கில் மாட்டினால் கரண்டு போனாலும் கவலையில்லை. இதில் ஒரு துணை லாபமும் கிடைத்தது. ஈ.எஸ்.பி.32ஐ மட்டும் பவர் பேங்கில் மாட்டினால், இழுக்கிற மின்சாரம் ரொம்பக் குறைவு என்பதால், 'எதுவும் மாட்டவில்லை போல' என்று பல பவர் பேங்குகள் தாமாக அணைந்துவிடும். விளக்கும் சேர்ந்து எரிந்தால் அணையாது.

விளக்கை முன்னால் வைத்தால் ஜாடியில் ஃபோனே பிரதிபலிக்கும். ஆகவே பக்கவாட்டில், ஒரு முழம் தள்ளி. பின்னால் கருப்புச் சார்ட் பேப்பர், வெள்ளை மாவின் விளிம்பு கத்தி வெட்டினது போலத் தெரியும். ஃபோனின் மேல் ஒரு கருப்புத் துணி. கிழக்கு ஜன்னலைச் சாத்திவிட வேண்டும், விடிந்ததும் வெயில் நேரே உள்ளே வரும். எறும்புக்கு ஜாடியைத் தண்ணீர்த் தட்டில் வைத்தேன். பல்லிக்கு மருந்து இல்லை. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லி ஜாடி மேலேயே உட்கார்ந்து விருந்து சாப்பிடும். வீடியோவைப் பார்த்த அத்தான் மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, பல்லிக்குப் பெயர் வைத்தாச்சா என்று மட்டும் கேட்டார்.

ஆச்சி இந்த ஏற்பாடு முழுவதையும் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏலே, மாவு பொங்குதத பாக்கவா இத்தன வயரு? மூடியத் தொறந்தா தெரியப்போவுது" என்றாள்.

"தொறந்தா நுரை அமுங்கிரும்லா ஆச்சி" என்றேன்.

"நாங்க தொறக்காமலா இத்தன வருசம் இட்லி அவிச்சோம்?"

அதற்குப் பதில் இல்லை.

இனி நான் மிகவும் ரசித்த பகுதி. 720 படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, பட்டையில் மாவின் உயரத்தைப் படித்து எழுதுவது ஆகிற காரியம் இல்லை. அதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஒவ்வொரு படத்திலும் ஜாடியின் நடுவே மேலிருந்து கீழாக மூன்றே பிக்சல் அகலத்துக்கு ஒரு கீற்றை வெட்டி எடுக்க வேண்டும். மீதிப் படத்தைத் தூர எறிந்துவிடலாம். அந்தக் கீற்றுகளை நேர வரிசையில் பக்கம் பக்கமாக ஒட்டினால் 2160 பிக்சல் அகலத்துக்கு ஒரே படம் கிடைக்கும். இடது ஓரம் இரவு எட்டு மணி, வலது ஓரம் காலை எட்டு மணி. கருப்புப் பின்னணியில் மாவின் வெள்ளை விளிம்பு தானே ஒரு வரைகோடாக ஏறி இறங்கும். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருளில் வெட்டுவதற்கு ஒரு கட்டளை, ஒட்டுவதற்கு ஒரு கட்டளை. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, ராத்திரி முழுக்க ஃபோன் அசையக் கூடாது. அசைந்தால் வரைகோட்டில் அந்த இடத்தில் ஒரு படிக்கட்டு விழுந்துவிடும். எங்கள் வீட்டில் விடியற்காலை காப்பி போட யார் எத்தனை மணிக்கு அடுப்படிக்கு வந்தார்கள் என்பது அந்தப் படிக்கட்டுகளில் பதிவாகியிருக்கிறது.

பங்குனி மாதத்து ஓர் இரவின் படம் இப்போது என் முன்னால் இருக்கிறது. கிரைண்டரிலிருந்து வழித்தபோது மாவு 33 டிகிரி, அறை 29. எட்டு மணிக்கு உயரம் 7 சென்டிமீட்டர். அதிலிருந்து பதினொன்றரை வரை கோடு கிட்டத்தட்டத் தரையோடு தரையாகப் போகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் அந்தப் பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தால் வெள்ளைக்குள் ஊசிமுனைக் குமிழ்கள் தெரிகின்றன. ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய கிடைக்கோடாக ஓடுகிறது, அதாவது அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிறகு அந்தக் கோடுகள் எல்லாம் சேர்ந்து மேல்நோக்கிச் சாயத் தொடங்குகின்றன. மேலே இருக்கும் குமிழ் செங்குத்தாகச் சாய்கிறது, அடியில் இருப்பது லேசாகச் சாய்கிறது. அடி மாவு தான் ஏறுவது கொஞ்சம், தனக்கு மேலே இருப்பதைத் தூக்குவது அதிகம். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை விளிம்பு நேர்கோடாக ஏறுகிறது. நாலு மணிவாக்கில் 16 சென்டிமீட்டர், அதுதான் உச்சம். இரண்டே கால் மடங்குக்குச் சற்றே கூடுதல்.

உச்சத்துக்குப் பக்கத்தில் குமிழ்களின் சாயல் மாறுகிறது. அதுவரை ரவை மாதிரி ஒரே சீராக இருந்தவை ஒன்றோடொன்று சேர்ந்து மிளகு அளவுக்கு வருகின்றன. கண்ணாடியை ஒட்டியவை உடைந்து, உடைந்த இடத்தில் மாவு வழுக்கிக் கீழே சரிகிறது. மேல்பரப்பு நடுவில் மேடாக இருந்தது மட்டமாகி, ஐந்து மணிக்கு மேல் குழிந்துவிடுகிறது. எட்டு மணிக்கு 13 சென்டிமீட்டர். காலையில் நாம் மூடியைத் திறந்து 'ஆகா, நல்லாப் பொங்கியிருக்கு' என்று சொல்லும் மாவு ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் மாவு. ஜாடிச் சுவரில் உச்சம் தொட்ட இடத்தில் காய்ந்த வெள்ளைக் கோடு ஒன்று நிற்கும், நாளைக்கு உங்கள் வீட்டுப் பாத்திரத்திலும் பாருங்கள்.

வெப்பநிலைக் கோட்டில் சுவாரசியம் குறைவு. பீர்க் குடுவையில் ஈஸ்ட் மும்முரமாக இருக்கும்போது உள்ளே இருக்கும் நீர் அறையைவிடச் சில டிகிரி சூடாகும், அதைக் குளிரவைப்பது அத்தானுக்குப் பெரிய வேலை. 18 டிகிரியிலிருந்து 22க்குள் வைத்திருக்கப் படாத பாடு படுவார். என் ஜாடியில் மாவு 33இலிருந்து மெல்ல இறங்கி அறையோடு ஒட்டிக்கொண்டது. அது தானாகச் சூடானதாகச் சொல்லும்படி ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது ஜாடிக்கு வருகிறேன். அது புளிப்பை அளக்க. பி.எச். என்பது புளிப்பைச் சொல்லும் எண், புளிப்பு ஏற ஏற அது இறங்கும். அதைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் கரண்டி விட்டு எடுத்தால் நுரை உடையும், உயரக் கணக்கு கெட்டுவிடும். அதனால் ஒரே மாவை இரண்டாகப் பிரித்து, ஒன்றை யாரும் தொடாமல் படம் பிடித்தேன், மற்றதிலிருந்து மாதிரி எடுத்தேன். பேனா வடிவப் பி.எச். மீட்டர் போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் பி.எச். 4.01, 6.86 என்று அளவு தெரிந்த திரவங்களில் சரிபார்க்க வேண்டும். முனையில் இருக்கும் கண்ணாடிக் குமிழில் மாவு அப்பிக்கொள்ளும். துடைக்காமல் அடுத்ததில் விட்டால் பழைய மாவின் புளிப்பைத்தான் காட்டும். காய்ந்துவிட்டால் மீட்டரையே மறந்துவிடலாம். காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் மாவைக் கொஞ்சம் இளக்கி அளப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. எண்ணில் வித்தியாசம் சொற்பம்.

அரைத்த உடனே 6க்குச் சற்று மேலே. கோடு தரையோடு போன அந்த முதல் மூன்றரை மணி நேரத்திலேயே அது 5.6க்கு வந்துவிட்டது. உச்சத்தில் 4.6. இங்கேதான் நான் எதிர்பாராதது. மாவு இறங்கத் தொடங்கிய பிறகும் பி.எச். இறங்குவதை நிறுத்தவில்லை, எட்டு மணிக்கு 4.3, வெளியிலேயே விட்டிருந்தால் இன்னும் போயிருக்கும். பொங்குவதும் புளிப்பதும் ஒரே வண்டியில் கிளம்புகின்றன, ஆனால் ஒன்று நடுவழியில் இறங்கிக்கொள்கிறது. வாயு கொடுப்பவை தளர்ந்தாலும், அமிலம் மட்டும் கொடுக்கிற மற்றவை விடாமல் வேலை செய்கின்றன. உண்டான வாயுவும் பெரிய குமிழ் வழியாகத் தப்பிவிடுகிறது. இட்லிக்கு வேண்டியது வாயு, தோசைக்கு வேண்டியது புளிப்பு. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, மூன்றாம் நாள் ஊத்தப்பம் என்று வீட்டில் காலங்காலமாக இருக்கும் வரிசை இந்த இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அப்படியே கிடக்கிறது.

சரி, இதையெல்லாம் வைத்து வீட்டுச் சண்டைகளைத் தீர்க்கலாமா என்று பார்த்தேன். கையால் கரைத்தால்தான் பொங்கும், கரண்டி போட்டால் பொங்காது என்பது ஆச்சியின் கட்சி. ஒரே மாவு, ஒன்று ஆச்சி கையால், ஒன்று கொதிநீரில் போட்டெடுத்த கரண்டியால். இரண்டு கீற்றுப் படத்தையும் மேலும் கீழும் வைத்துப் பார்த்தால் எது எது என்று எனக்கே தெரியவில்லை. வேண்டிய பாக்டீரியா உளுந்திலேயே வந்துவிடுவதால் கையிலிருந்து வருவதை அது எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கை செய்கிற உபகாரம், உளுந்து மாவையும் அரிசி மாவையும் கட்டி இல்லாமல் ஒன்றாக்குவது. ஆச்சியிடம் படத்தைக் காட்டினேன். "அந்தக் கரண்டி எம்புட்டு நாள் என் கையில இருந்துச்சு தெரியுமா" என்றாள். இதை எந்தச் சென்சார் வைத்து மறுப்பது?

உப்பை முதலிலேயே போட்ட ஜாடி, போடாத ஜாடி: போட்டது சற்றுத் தாமதமாகக் கிளம்பியது, ஆனால் உச்சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கோடையில் உப்பு முதலில், குளிர்காலத்தில் உப்புக் காலையில் என்று எங்கள் அம்மை செய்வது சரிதான் போல.

கால வித்தியாசம்தான் பெரிய வித்தியாசம். மார்கழியில் அறை ராத்திரி 23க்கு இறங்கியபோது அதே மாவு, அதே அளவு, உச்சம் தொடப் பதினான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டது. தரையோடு போகும் பகுதிதான் ரொம்ப நீள்கிறது. ஏறத் தொடங்கிவிட்டால் அவ்வளவு சுணக்கம் இல்லை. ஆகவே மார்கழியில் செய்ய வேண்டியது ராத்திரி முழுக்கச் சூடாக வைப்பது இல்லை, முதல் சில மணி நேரம் சூடாக வைப்பது. கிரைண்டரில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, பெரிய சட்டிக்குள் வெந்நீர் வைத்து அதில் ஜாடியை இறக்கினேன். நாலு மணி நேரத்தை அப்படியே மிச்சம் பிடித்தது.

கடைசியாக ஃபிரிட்ஜ். உச்சத்தில் எடுத்து உள்ளே வைத்துவிட்டால் மாவு அப்படியே நின்றுவிடும் என்று நினைப்போம். மாவின் நடுவில் சென்சாரை வைத்தபடியே உள்ளே தள்ளிப் பார்த்தேன். வயர் கதவு ரப்பரில் நசுங்கினாலும் வேலை செய்கிறது. உள்ளே 5 டிகிரி. மாவின் நடுப்பகுதி 30இலிருந்து 15க்கு வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. நுரை என்பது பாதிக்கு மேல் காற்று மெத்தை, குளிரை உள்ளே விடாது. அத்தனை நேரமும் அது உள்ளே புளித்துக்கொண்டுதான் இருக்கிறது. அகலத் தட்டையான டப்பா இரண்டில் பிரித்து வைத்தபோது ஒரு மணி நேரம் சொச்சத்தில் 15க்கு வந்தது. இன்னொன்று, உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே, கோடு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே உள்ளே வைத்துவிட வேண்டும். மீதி ஏற்றத்தை அது ஃபிரிட்ஜுக்குள் முடித்துக்கொள்ளும்.

உச்சம் வரும்போது ஃபோனுக்கு மணி அடிக்கிற மாதிரி ஒரு நிரல் எழுதிவைத்தேன். விளிம்பு ஏறும் வேகம் பாதியாகக் குறைந்தால் அடிக்கும். நன்றாகவே வேலை செய்தது, விடியற்காலை மூன்றரைக்கு. இரண்டு நாள் பார்த்துவிட்டு அம்மை சொன்னாள், "மணிய நிறுத்துலே, மாவ நேரம் பாத்து அரைச்சுக்கிடுதேன்." அதன்படி சித்திரையில் கிரைண்டரை இப்போது ராத்திரி பத்து மணிக்குப் போடுகிறோம், மார்கழியில் மாலை நாலரைக்கு. இரண்டிலும் உச்சம் ஆறரை மணிக்கு வருகிறது, இட்லிப்பானை அடுப்பில் ஏறுகிற நேரம். கருப்புச் சார்ட் பேப்பரைத் தங்கச்சி மகள் பள்ளிக்கூட புராஜெக்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள், ஆகவே ஆப்ப மாவைப் படம் பிடிக்கும் வேலை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது.